தாத்தா சைக்கிள்ல பச்சைக்கு அடியில இருக்கற கருப்பு: சுரண்டலாமா, புதுசா அடிக்கலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். தாத்தா ஓட்டின ஹெர்குலிஸ், 1950கள்ல வாங்கினதுன்னு வீட்டுல சொல்றாங்க. மேல யாரோ பிரஷ்ஷால பச்சை எனாமல் அடிச்சிருக்காங்க, பார்ல ஒரு இடத்துல அந்தப் பச்சை உரிஞ்சு அடியில கருப்பும் ஒரு தங்கக் கோடும் தெரியுது. பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவி சூட்டுல உருக்கி ஒட்டறது) கடைக்காரர் மணல் அடிச்சு புதுசு மாதிரி ஆக்கித் தரேன்றார், அவர்கிட்ட எந்தக் கருப்பு சொல்லணும்னு கேக்கறீங்க. ஆனா கடைசி வரில "ஒரிஜினல் பெயிண்ட் திரும்ப வரணும்"னு எழுதியிருக்கீங்க. இது ரெண்டும் வேற வேற வேலைங்க. கடைக்காரர் சொல்றபடி செஞ்சா ஒரு நல்ல கருப்பு சைக்கிள் கிடைக்கும், ஒரிஜினல் பெயிண்ட் மட்டும் அன்னிக்கே மணலோட மணலா கீழ கொட்டிப் போயிடும். நீங்க தேடற பெயிண்ட் அந்தப் பச்சைக்கு அடியில இருக்கு, அதுவும் நீங்க நினைக்கறதை விட நல்லாவே இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால கலர் நம்பரை அப்புறம் பாத்துக்கலாம், கொஞ்சம் பொறுங்க.

நான் திருச்சில எங்க மாமாவோட பட்டறைல கார் பெயிண்டிங் கத்துக்கிட்டவன். அப்புறம் 18 வருஷமா பழைய சைக்கிள் மட்டும்தான். இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரோட ராலே சைக்கிள் வந்துச்சு, இதே மாதிரி மேல நீலம் அடிச்சது. கார் வேலை பழக்கத்துல நேரா பெயிண்ட் ரிமூவர் தடவி மொத்தமா உரிச்சேன். சீட் டியூபை, அதாவது சீட்டுக்குக் கீழ இறங்கற குழாயைத் துடைக்கும்போது துணில தங்கக் கலர்ல ஒரு இழை ஒட்டிட்டு வந்துச்சு, என்னன்னு எனக்குப் புரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. வேலை முடிச்சு பளபளன்னு குடுத்தேன். அவர் சுத்தி வந்து பாத்துட்டு "அந்தக் கோடு எங்க தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் எந்த சைக்கிள் வந்தாலும் அடியில என்ன இருக்குன்னு பாக்காம நான் ரிமூவர் டப்பாவைத் திறக்கறதில்ல.

அந்தக் கருப்பு எப்படிப் போட்டதுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். அந்தக் காலத்து கருப்பு ரோட்ஸ்டர்ல (நிமிர்ந்து உக்காந்து ஓட்டற கனமான சைக்கிள்) எல்லாம் ஸ்டவ் எனாமல்னு சொல்ற சூளைப் பெயிண்ட். ஃப்ரேமை நல்லா கழுவி, துரு பிடிக்காம இருக்க பாஸ்பேட் கோட்டிங் குடுத்து, எனாமல்ல முக்கியோ ஸ்ப்ரே பண்ணியோ 100 டிகிரிக்கு மேல சூளைல வச்சு வேக வைப்பாங்க. சூட்டுல எனாமல்ல இருக்கற ரெசின், அதாவது பிசின், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கண்ணாடி மாதிரி இறுகிடும். அதுக்கு மேல கை தேர்ந்த ஆளுங்க நீள முடி பிரஷ்ஷால ஒரே இழுப்புல கோடு போடுவாங்க, டிரான்ஸ்ஃபர்னு சொல்ற, பேரும் படமும் அச்சடிச்ச மெல்லிசான ஸ்டிக்கரை ஒட்டுவாங்க, மாடலைப் பொறுத்து மேல வார்னிஷ் வரும். உங்க பச்சை அப்படி இல்ல, கடைல டப்பால வாங்கி காத்துல காய வச்ச எனாமல். அது வேற ஜாதி, சூளைப் பெயிண்ட் அளவுக்கு இறுகாது, ஒரு வழவழப்பான பரப்பு மேல சரியா தேய்க்காம அடிச்சிருந்தா பிடிப்பும் கம்மியா இருக்கும். உங்களுக்கு ஒரு இடத்துல தானா உரிஞ்சதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கறேன். அடியில இருக்கறது கெட்டி, மேல இருக்கறது அதை விட மெத்து, இந்த வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த வேலையும் நடக்குது.

உங்க வண்டி எங்க செஞ்சதுன்னும் கேட்டிருந்தீங்க. ஹெர்குலிஸ் 1910ல இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல ஆரம்பிச்ச கம்பெனி, அங்கிருந்துதான் ரொம்ப காலம் இங்க இறக்குமதி ஆச்சு. 1949ல முருகப்பா குரூப்பும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சு, 1951லேர்ந்து சென்னை அம்பத்தூர்லயே ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பிச்சாங்க. அதனால 1950கள்னு மட்டும் சொன்னா ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஹெட் பேட்ஜ்லயோ (ஹேண்டிலுக்குக் கீழ முன்பக்கம் இருக்கற கம்பெனி தகடு) டிரான்ஸ்ஃபர்லயோ மேட் இன் இங்கிலாந்துன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா நல்ல சாட்சி. ஆனா பேட்ஜை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு வண்டியோட பேட்ஜ் இன்னொரு வண்டில ஏறினதை நான் நிறைய பாத்திருக்கேன். ஃப்ரேம் நம்பர் சீட் லக் (லக்னா குழாய்ங்க சேர்ற இடத்துல இருக்கற இணைப்பு) கிட்டயோ பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு போற இடம்) அடியிலயோ இருக்கும், பெயிண்ட் மூடியிருந்தா இப்போதைக்கு அப்படியே விடுங்க. மணல் அடிச்சா மெல்லிசா குத்தின நம்பர் மழுங்கிப் போகும்றதையும் மனசுல வச்சுக்கோங்க.

சுரண்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, அந்தப் பச்சை யார் அடிச்சதுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. நம்ம ஊர்ல ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைச்சு, பெயிண்ட் மங்கியிருந்தா மிச்சம் இருக்கற ஜன்னல் பெயிண்ட்டை எடுத்து ஒரு கை அடிச்சு விடறது சாதாரணம். தாத்தாவே தன் கையால அடிச்சதா இருந்தா அந்தப் பச்சைக்கும் ஒரு மதிப்பு இருக்கு. அப்படின்னா எல்லாத்தையும் எடுக்காம செயின் கவருக்கு உள்பக்கமோ பாட்டம் பிராக்கெட் அடியிலயோ ஒரு உள்ளங்கை அளவு பச்சையை விட்டு வையுங்க. நான் எல்லா வண்டிலயும் இப்படி ஒரு இடம் விடறேன். பின்னாடி யாராவது பாத்தா இந்த வண்டி என்னென்ன கடந்து வந்துச்சுன்னு தெரியும்.

இப்ப வேலைக்கு வருவோம். முதல்ல எல்லா பக்கமும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. அப்புறம் ஷாம்பு கலந்த தண்ணில ஸ்பாஞ்ச் நனைச்சு பிழிஞ்சு துடைங்க, பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், உரியற நிலைல இருக்கறதெல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிடும். கிரீஸ் பிசுக்கு, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி பசை மாதிரி ஆனது எல்லாம் துணில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சா வரும். இதுக்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல சோதனை. பாட்டம் பிராக்கெட் அடியில ஒரு ரூபாய் காசு அளவுக்கு இடம் எடுத்துக்கிட்டு காது குடையற பட்ஸ்ல முதல்ல ஐசோபுரொபைல் ஆல்கஹால், அடுத்து டர்பன்டைன், அதுக்கும் அசையலைன்னா என்சி தின்னர் (லாக்கர் பெயிண்ட்டுக்கு விடற காரமான தின்னர்), ஒவ்வொண்ணும் 10, 15 செகண்ட் மட்டும் வச்சு உருட்டிப் பாருங்க. பட்ஸ்ல பச்சை மட்டும் வந்தா நிம்மதி. கருப்பு வந்தா உடனே நிறுத்துங்க, அப்ப அடியில இருக்கறது சூளைப் பெயிண்ட்டா இல்லாம இன்னொரு பழைய மேல்பூச்சா இருக்கலாம், இல்ல ஒரிஜினலே பலவீனமா இருக்கலாம், எதுன்னு நேர்ல பாக்காம யாராலயும் சொல்ல முடியாது.

சூளைப் பெயிண்ட் மேல தின்னர் கொஞ்ச நேரம் பட்டா ஒண்ணும் ஆகாதுன்றது என் அனுபவத்துல கிட்டத்தட்ட எப்பவும் சரியா இருந்திருக்கு. ஆனா கோடும் டிரான்ஸ்ஃபரும் வேகாதது, மேல போட்டது, அது தின்னர் பட்டா கரைஞ்சிடும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். அதனால லிக்விட் எல்லாம் கோடு இல்லாத இடத்துக்கு மட்டும், அதாவது டவுன் டியூபோட (ஹேண்டில் பக்கத்துலேர்ந்து பெடலுக்குச் சரிஞ்சு இறங்கற குழாய்) அடிப்பக்கம், செயின் ஸ்டே (பெடல்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற குழாய்), ஃபோர்க்கோட உள்பக்கம் இந்த மாதிரி. கோடு எங்க இருக்குன்னு தெரியணும்னா தெரியற அந்த ஒரு இடத்துலேர்ந்து பின்தொடர்ந்து போங்க. கோடு பொதுவா டியூபோட பக்கவாட்டுல லக் வரைக்கும் போய் பெட்டி மாதிரி மூடும், வலது பக்கம் இருந்தா இடது பக்கமும் அதே அளவுல இருக்கும், மட்கார்டுலயும் இருக்கலாம். டவுன் டியூப்லயும் சீட் டியூப்லயும் டிரான்ஸ்ஃபர் இருக்க வாய்ப்பு நிறைய, அந்த ரெண்டு இடத்தையும் கடைசிக்கு வச்சுக்கோங்க, அதுக்குள்ள கை பழகியிருக்கும்.

கோடு இருக்கற இடத்துல நான் செய்யறது கையாலதான். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு பச்சையை லேசா சூடு பண்ணுவேன், ஹீட் கன் வேண்டாம், அது எல்லாத்தையும் பொசுக்கிடும். கை வைக்கற சூடு வந்ததும் பச்சை கொஞ்சம் இளகும். பழைய ஏடிஎம் கார்டை உடைச்ச துண்டு, மூங்கில் சிம்பு, இல்ல கட்டை விரல் நகம், இதை வச்சு கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்துல தள்ளினா செதில் செதிலா வரும். பிளேடு வச்சா வேகமா வரும், ஒரு தடவை வழுக்கினா அந்தக் கீறல் கடைசி வரைக்கும் இருக்கும், முடிவு உங்க கைல. பார் மட்டும் எனக்கு ரெண்டு முழு நாள் எடுக்கும், நீங்க முதல் தடவை செய்யறீங்கன்னா நாலு ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கோங்க. சில வண்டில பச்சை உரியவே உரியாது, அடிச்ச ஆள் நல்லா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு அடிச்சிருப்பார். அப்படின்னா அடியில இருக்கற பரப்பும் கீறல் விழுந்துதான் இருக்கும். அந்த இடத்துல 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணில நனைச்சு பச்சை மறையற வரைக்கும் தேய்க்கலாம், ஆனா கோட்டு மேல கூடாது. ரப்பிங் கம்பவுண்டும் அப்படித்தான், கோட்டு மேல நாலு தேய்ப்பு தேய்ச்சா கோடு போயிடும். டிரான்ஸ்ஃபர் மேல படிஞ்ச அழுக்குக்கு வெறும் எச்சில் தொட்ட பஞ்சு போதும், கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் மியூசியத்துல ஓவியத்தையும் தங்கப் பூச்சையும் சுத்தம் பண்றவங்க செய்யறதுதான், எச்சில்ல இருக்கற அமைலேஸ் என்சைம் அழுக்கைப் பிரிக்கும். போர்ச்சுகல்ல 1990ல இதை மத்த திரவங்களோட ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க.

பாதுகாப்பு பத்தி ரெண்டு வார்த்தை. பழைய எனாமல்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்கிட்டு வேலை செய்யுங்க, மஞ்சள், பச்சை, சிவப்புல ஈயக் குரோமேட் கலக்கறது அப்ப சகஜம். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்டுக்கு 90 பிபிஎம்னு (பத்து லட்சத்துல 90 பங்கு) ஈய வரம்பு சட்டமா அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதனால காய்ஞ்ச உப்புத்தாள் போடவே கூடாது, எப்பவும் ஈரமாத்தான் தேய்க்கணும், உரிஞ்ச செதிலை நியூஸ்பேப்பர்ல கூட்டி மடிச்சு அப்புறப்படுத்துங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா மொட்டை மாடிலயே வச்சு செய்யுங்க, கை கழுவாம டீ குடிக்காதீங்க.

அடுத்தது துரு. பச்சை போனதும் அங்கங்க துருப் புள்ளி தெரியும், பயப்படாதீங்க. ஆக்சாலிக் ஆசிட் பவுடர் கெமிக்கல் கடைல கிடைக்கும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 20லேர்ந்து 30 கிராம், பஞ்சுல நனைச்சு துரு மேல மட்டும் ஒட்டி வச்சு அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. விஷம், கிளவுஸ் கட்டாயம். நிறைய பேர் ஃப்ரேமை மொத்தமா தொட்டில ஊற வைக்கறாங்க, கருப்பு எனாமல் பெரும்பாலும் தாங்கும்தான், ஆனா தங்கக் கோடு பல வண்டில வெண்கலப் பொடில போட்டது, செம்பும் துத்தநாகமும் கலந்தது, ஆசிட்ல அது கறுத்தோ பச்சை பூத்தோ போகும். அதனால ஊற வைக்கறதை நான் சொல்ல மாட்டேன். ஆசிட் வேலை முடிஞ்சதும் தண்ணில கழுவி, சமையல் சோடா கலந்த தண்ணில துடைச்சு, மறுபடி கழுவி உடனே ஹேர் டிரையர்ல காய வைக்கணும், தாமதிச்சா கண் எதிர்லயே ஆரஞ்சு கலர்ல புதுத் துரு ஏறும். துரு ஆழமா இருக்கற இடத்துக்கு டானிக் ஆசிட் இருக்கற ரஸ்ட் கன்வர்ட்டர் ரொம்ப பொருத்தம், துருவோட சேர்ந்து நீலம் கலந்த கருப்பா மாறி அங்கேயே உக்காந்துக்கும், கருப்பு ஃப்ரேம்ல தனியா தெரியவும் தெரியாது. இது நமக்குப் புதுசில்ல, கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினதும் இதே ரசாயனம்தான். கடுக்காய்க் கஷாயத்தை நான் சின்ன போல்ட் வாஷர்ல போட்டுப் பாத்திருக்கேன், கறுக்குது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர்றதில்ல, அதனால ஃப்ரேமுக்கு டப்பால வர்றதையே வாங்குங்க.

அடியில பெயிண்ட் போய் வெறும் இரும்பு தெரியற இடத்தை என்ன பண்றதுன்னு வரும். சின்னச் சின்ன இடத்துக்கு டச்சப் போதும். நல்ல கருப்பு சிந்தடிக் எனாமலை தின்னரை விட்டு கொஞ்சம் இளக்கி, ஒண்ணாம் நம்பர் பிரஷ்ஷால அந்தக் குழிக்குள்ள மட்டும் வைங்க, ஓரத்தைத் தாண்டி ஒரிஜினல் மேல ஏத்தாதீங்க. ரெண்டு மூணு தடவை மெல்லிசா வச்சு ஒரு வாரம் காய விட்டா மட்டம் வந்துரும். வண்டி ஓட்டாம காட்சிக்கு மட்டும்னா, மியூசியக்காரங்க உபயோகிக்கற பாராலாய்டு பி-72ன்ற அக்ரிலிக் ரெசினை முதல்ல தடவிட்டு அதுக்கு மேல டச்சப் பண்ணலாம், பின்னாடி வேண்டாம்னா அசிட்டோன்ல அதோட சேர்ந்து வந்துரும். ஓட்டற வண்டிக்கு அது அவ்ளோ உழைக்காது. கோடு விட்டுப் போன இடத்துல சேர்த்துப் போடலாமான்னா, என் அபிப்பிராயம், வேண்டாம். அந்த ஒரே இழுப்புல போட்ட கைக்குப் பக்கத்துல நம்ம ஒட்டுப் போட்ட கோடு தனியா நிக்கும். பாக்கறவங்க கண்ணு விட்டுப் போன இடத்தைத் தானா சேர்த்துக்கும். இதை ஒத்துக்காத நல்ல வேலைக்காரங்களும் இருக்காங்க, அவங்க போட்டு முடிச்ச வண்டியும் அழகாத்தான் இருக்கு, இது ரசனை.

எல்லாம் முடிஞ்சதும் மேல வார்னிஷோ கிளியர் கோட்டோ அடிக்கச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க. கார் கடைல அடிக்கற கிளியர்ல இருக்கற தின்னர் கோட்டையும் டிரான்ஸ்ஃபரையும் சுருக்கிடலாம், நல்லா உக்காந்தாலும் பின்னாடி அதை எடுக்க முடியாது. மெழுகு போதும். கார்னாபா வேக்ஸ், இல்ல பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்துல 1950களோட கடைசில உருவாக்கின மைக்ரோகிரிஸ்டலைன் வேக்ஸ், ரினைசன்ஸ் வேக்ஸ்னு விக்கறாங்க, விலை கூட ஆனா ஒரு டப்பா பல வருஷம் வரும். மெல்லிசா தடவி, மங்கினதும் காட்டன் துணில துடைச்சா அந்தக் கருப்பு உள்ளிருந்து ஆழமா தெரிய ஆரம்பிக்கும், அந்த ஆழம் எந்தப் புது பெயிண்ட்லயும் நான் பாத்ததில்ல. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை போதும். லின்சீட் ஆயில் தடவறவங்களும் இருக்காங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா காலப்போக்குல மஞ்சளாகும், அந்த எண்ணெய்த் துணியை சுருட்டி மூலைல போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கும், இது மிகைப்படுத்தல் இல்ல, விரிச்சுக் காய வைக்கணும் இல்ல தண்ணில போட்டு வைக்கணும். தேங்காய் எண்ணெய் மட்டும் இனிமே வேண்டாம், தூசியை இழுத்து மறுபடி பசையாக்கும்.

இவ்ளோ சொன்னாலும் எல்லா ஃப்ரேமுக்கும் இது பொருந்தாது. பச்சையை எடுத்துப் பாத்தா அடியில முக்கால்வாசி துருவா இருக்கலாம், யாரோ ஏற்கனவே உரிச்சுட்டு அடிச்சிருக்கலாம், ஹெட் லக் ஓரத்துலயோ செயின் ஸ்டேலயோ வெடிப்பு இருந்து பத்த வைக்க வேண்டி வரலாம். அப்ப புதுசா பெயிண்ட் அடிக்கறதுல எந்தத் தப்பும் இல்ல, தாராளமா அடிங்க. ஆனா அதுக்கு முன்னாடி கிடைச்ச கோட்டை டிரேசிங் பேப்பர்ல படி எடுத்து, லக்லேர்ந்து எத்தனை மில்லிமீட்டர், அகலம் எவ்ளோன்னு குறிச்சு வைங்க. பவுடர் கோட்டிங் 60லேர்ந்து 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தடிமன் ஏறும், 180, 200 டிகிரில வேகும், உழைப்புக்கு அது நல்லது, ஆனா லக்கோட கூரான ஓரம் எல்லாம் மழுங்கி மெழுகு ஊத்தின மாதிரி ஆயிடும். அதனால அந்தக் காலத்து ரோட்ஸ்டருக்கு நான் எபாக்சி பிரைமர் மேல ரெண்டு பாகம் கலக்கற பாலியூரிதேன் கருப்புதான் அடிக்கறேன், அதுல ஐசோசயனேட்ன்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கறதால சரியான மாஸ்க்கும் காத்தோட்டமும் உள்ள பட்டறைல குடுத்து அடிக்கணும், வீட்டுல வேண்டாம். நீங்க கேட்ட கலர் நம்பருக்கும் இங்கதான் பதில் வருது, சாதாரண ஜெட் பிளாக் ஃபுல் கிளாஸ் போதும், வேற விசேஷ நம்பர் எதுவும் தேவையில்ல. எங்க குடுத்தாலும் பாட்டம் பிராக்கெட் மரையையும் ஹெட் கப் (ஹேண்டில் திரும்பற பேரிங்கோட கிண்ணம்) உக்கார்ற இடத்தையும் மூடிட்டு அடிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா திரும்ப மாட்டும்போது அழுவீங்க.

இப்போதைக்கு கடைக்காரர்கிட்ட ஒரு மாசம் கழிச்சு வரேன்னு சொல்லிட்டு, பட்ஸும் ஆல்கஹாலும் வாங்கி அந்த ஒரு ரூபாய் காசு அளவு இடத்துல சோதனை மட்டும் பண்ணுங்க. பட்ஸ்ல என்ன கலர் வந்துச்சு, தெரியற கோட்டோட அகலம் எவ்ளோ, ஹெட் பேட்ஜ்ல என்ன எழுதியிருக்கு, இந்த மூணையும் போட்டோவோட சொல்லுங்க, அதுக்கு மேல எப்படிப் போறதுன்னு பாக்கலாம். துரு வேலையை மட்டும் ஐப்பசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி முடிக்கற மாதிரி வச்சுக்கோங்க, ஈரக் காத்துல காய வைக்கறதுக்குள்ள மறுபடி துரு ஏறிடும்.